தூங்கும்போது கிளம்பிவிடலாமா?

வணக்கம் மேடம்,

எனக்கு 27 வயது. கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெக்கானிக்கல் முடித்த கையோடு 21 வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். மகளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகி ஒரு வருடம் ஆகிறது. பாப்பா என் பொறுப்பில் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவில் இருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. "அப்பா எங்கே?" என்று அவள் கேட்டபோதெல்லாம் "ஊருக்குப் போயிருக்கார்" என்றுதான் சொல்லி வந்தோம். இப்போது அவள் கேட்பதில்லை.

மேலே படிக்க வேண்டும் என்பது காலேஜில் இருந்தே என் ஆசை. முதலில் பிரிட்டனைத்தான் பார்த்தேன். 2024 ஜனவரியிலிருந்து அங்கே சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்கள் குழந்தையைக் கூட்டிப் போக முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். பிறகு ஜெர்மனிக்கு விண்ணப்பித்தேன். டார்ட்மண்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்புக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் செலவுக்கென்று பிளாக்ட் அக்கவுண்டில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு உள்ள வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம். இது எனக்கு மட்டும். பாப்பாவைக் கூட்டிப் போனால் அவளுக்கும் தனியாகக் காட்ட வேண்டும். கல்விக் கடன், அம்மாவின் நகை, என் சேமிப்பு எல்லாம் சேர்த்தால் எப்படியோ வந்துவிடும்.

போன மார்ச்சில் பாப்பாவுக்கு ஐந்து முடிந்தது. அக்டோபரில் எனக்கு வகுப்பு. அம்மா சொல்வது இதுதான்: "நீ போயிட்டு வா கண்ணு, பாப்பாவ நான் பாத்துக்கறேன். அவ தூங்கீட்டு இருக்கறப்பவே கிளம்பிரு. ரெண்டு நாளைக்கு அழுவா, அப்பறம் மறந்துருவா. ரெண்டு வருசம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்." பெரியம்மா வீட்டில் வேறு மாதிரி பேசுகிறார்கள். புருஷன்தான் சரியில்லை, இவளாவது பிள்ளையைப் பார்க்கக்கூடாதா, படிப்பு இப்போ எதுக்கு என்று என் காதுபடவே சொன்னார்கள்.

நாங்கள் யாரும் பாப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாஸ்போர்ட் ஆபீஸ் போய் வந்த நாளிலிருந்து அவள் என் ஷால் நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். ராத்திரி நான் பாத்ரூம் போக எழுந்தால் ஷாலோடு அவள் கையும் கூடவே வருகிறது. உடனே முழித்துக்கொள்கிறாள். மூன்று நாளைக்கு முன்னால் மெதுவாக ஷாலை அவிழ்த்துவிட்டுப் போய், உள்ளே குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கூட்டிப் போனால் தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், ஒற்றை ஆளாக அவளையும் பார்த்துப் படிக்கவும் என்னால் முடியுமா? விட்டுவிட்டுப் போனால் அவள் என்னை மறந்துவிடுவாளா? இல்லை, இதை எல்லாம் யோசிக்கிறதே சுயநலமா? எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோயம்புத்தூர்

*

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஷால் நுனியில்தான் வந்து நின்றேன். பாப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. என்ன நடக்கிறது என்று புரியவில்லை, ஆனால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது. தன்னால் முடிந்த ஒரே வழியில் உங்களைக் கட்டி வைத்திருக்கிறாள்.

அதற்குக் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவள் வாழ்க்கையில் ஏற்கனவே ஒருவர் சொல்லாமல் போயிருக்கிறார். "ஊருக்குப் போயிருக்கார்" என்றீர்கள், அவர் திரும்பி வரவே இல்லை. அவள் கேட்பதை நிறுத்தியது மறந்ததால் இல்லை, கேட்டும் பயனில்லை என்று தெரிந்துகொண்டதால் இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை ஒரு நாள் காலையில் கண் விழிக்கும்போது நீங்களும் இல்லை, "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று பாட்டி சொல்கிறார் என்றால் அவள் என்ன நினைப்பாள்? அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூட்டிப் போனாலும் சரி, விட்டுவிட்டுப் போனாலும் சரி, தூங்கும்போது மட்டும் கிளம்பாதீர்கள்.

உங்கள் அம்மா சொல்வது கெட்ட எண்ணத்தில் இல்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவதுதான். கடைக்குப் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவது, பின்வாசல் வழியாக நழுவுவது. அழுகையைப் பார்க்கப் பெரியவர்களுக்கு மனசு தாங்குவதில்லை. ஆனால் அழுது தீர்க்கிற குழந்தையைவிட, அழாமல் அடங்கிப் போகிற குழந்தையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஜான் பௌல்பி, ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற இருவர் 1950களில் இங்கிலாந்தில், பெற்றோரைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் இருந்த சிறு குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். முதலில் அழுது அடம்பிடித்தன. பிறகு சோர்ந்து ஒடுங்கின. அதற்குப் பிறகு சமாதானமாகிவிட்ட மாதிரி விளையாட ஆரம்பித்தன, நர்ஸ்களும் "சரியாயிடுச்சு" என்றார்கள். ஆனால் அம்மா வந்து நின்றபோது அந்தக் குழந்தைகள் முகம் கொடுக்கவில்லை. நம் ஊரில் "மறந்துட்டா" என்று சொல்வது பல நேரம் இந்த மூன்றாம் கட்டத்தைத்தான்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பழகிய மடி எதுவும் பக்கத்தில் இல்லை. உங்கள் பாப்பாவுக்கு அமுச்சி, அதாவது உங்கள் அம்மா, இருக்கிறார், அதே வீடு, அதே தெரு இருக்கிறது. அது பெரிய வித்தியாசம். ஆகவே சில வாரப் பிரிவை, முன்கூட்டியே சொல்லி, நாள் எண்ணிக் காட்டினால் ஐந்து வயதுக் குழந்தை தாங்கும். இரண்டு வருடம் என்பது அவள் இதுவரை வாழ்ந்த காலத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு துபாய்க்கும் சவுதிக்கும் போன அப்பாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களைக் குடும்பத்துக்காகக் கஷ்டப்படுகிறார் என்கிறோம். நீங்களும் குடும்பத்துக்காகத்தான் போகிறீர்கள், குடும்பம் இரண்டு பேராக இருக்கிறது, அவ்வளவுதான். பெரியம்மா வீட்டுக்கு இதற்கு மேல் பதில் தேடி உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் ஒற்றை ஆளாகப் போகாதீர்கள்.

ஜெர்மனியில் கிட்டா என்று சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். குழந்தையை அழைத்துப் போக யார் யாருக்கு அனுமதி என்று அதில் எழுத வேண்டும். அதில் உங்கள் பெயருக்குக் கீழே எழுத இன்னொரு பெயர் இருக்கிறதா? லேபில் பரிசோதனை பாதியில் நிற்கும்போது "குழந்தைக்குக் காய்ச்சல், உடனே வாருங்கள்" என்று போன் வரும். காய்ச்சல் இருந்தால் அங்கே குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் வரும் தனிப் பெற்றோரை உடைத்துப் போடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சாதாரண செவ்வாய்க்கிழமைகள்தான். அந்த இரண்டாவது பெயரை இங்கிருந்து கிளம்பும் முன்பே தேட ஆரம்பியுங்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு அந்தப் பெயர் உங்கள் அம்மாவாகவே இருக்கலாமே? ஷெங்கன் விசாவில் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் குறுகிய கால விசா) 90 நாள் வரை அவர் கூட இருக்கலாம். டிக்கெட், பயணக் காப்பீடு என்று செலவு வரும், தெரியும். மற்ற செலவைக் குறைத்தாவது இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். அக்டோபரில் வகுப்பு என்றால் செப்டம்பர் தொடக்கத்திலேயே போய்ச் சேரப் பாருங்கள். கிட்டாவில் முதல் இரண்டிலிருந்து நான்கு வாரம் பழக்கும் காலம் உண்டு. ஆரம்பத்தில் வீட்டு ஆள் ஒருவர் குழந்தையோடு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கைந்து நாளில் ஒரு பத்து நிமிடம் வெளியே போய் வரச் சொல்வார்கள், பிறகு அரை மணி, பிறகு மதியம் வரை. அதில் ஒரு விதி இருக்கிறது: குழந்தையிடம் சொல்லாமல், டாட்டா காட்டாமல், நழுவிப் போகக்கூடாது. அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இடம் கிடைப்பதுதான் சிரமம். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு அங்கே கிட்டாவில் இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு, ஆனாலும் நகரங்களில் தட்டுப்பாடு இருக்கிறது. கிட்டாவின் புது ஆண்டு ஆகஸ்டில் தொடங்குவதால் அக்டோபரில் கேட்டால் காத்திருக்கச் சொல்வார்கள். அதனால் இந்த வாரமே இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒன்று பல்கலைக்கழகத்தின் குடும்ப உதவிப் பிரிவுக்கு. இன்னொன்று மாணவர் விடுதி, உணவகம் எல்லாம் நடத்தும் ஸ்டூடியரண்டன்வெர்க் என்ற அமைப்புக்கு. பல ஊர்களில் அவர்களே மாணவர்களின் குழந்தைகளுக்குக் கிட்டா நடத்துகிறார்கள், குழந்தையோடு இருப்பவர்களுக்குக் குடும்ப அறைகளும் வைத்திருக்கிறார்கள். டார்ட்மண்ட் இருக்கும் மாநிலத்தில் பள்ளிக்கு முந்தைய இரண்டு வருடம் கிட்டாவுக்குக் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் கட்ட வேண்டியிருக்கும். அடுத்த ஆகஸ்டில் பாப்பா ஒன்றாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் அதுவும் இலவசம். அப்புறம், உங்களுக்கு 30 வயது ஆகவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. மாணவர் கட்டணத்தில் பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், அதிலேயே குழந்தையும் தனிக் கட்டணம் இல்லாமல் வந்துவிடுவாள்.

செப்டம்பர் வரை கிட்டா இடமோ வீடோ உறுதியாகவில்லை என்றால்? அப்போது மட்டும் நீங்கள் முன்னால் போங்கள். ஆறேழு வாரம், அதற்கு மேல் வேண்டாம். அவள் விசாவும் டிக்கெட்டும் நீங்கள் கிளம்பும் முன்பே தயாராக இருக்க வேண்டும். காலண்டரை அவள் கையில் கொடுத்துத் தினமும் ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் வாருங்கள். கோவையில் இரவு 8 மணி என்றால் அங்கே கோடையில் பிற்பகல் 4.30, குளிர்காலத்தில் 3.30. "சாப்டியா, படிச்சியா" என்று கேள்வி கேட்டால் அந்த வயதுக் குழந்தை இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும். அவள் சாப்பிடும்போது நீங்களும் சாப்பிடுங்கள், ஒரு கதைப் புத்தகத்தின் இரண்டு பிரதி வாங்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஷாலை விட்டுவிட்டுப் போங்கள், துவைக்காமல்.

போன பிறகு ஒன்றுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். கிட்டாவில் அவள் சில மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம். புது மொழிக்குள் வந்து விழும் குழந்தைகள் பலர் இப்படித்தான் முதலில் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் உங்களிடம் வழக்கம்போல வாயாடினால் கவலையே இல்லை. வீட்டிலும் பேச்சு நின்று, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கெட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஜெர்மன் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள், அவளுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். ஈழத்தமிழர்கள் ஜெர்மனியின் பல ஊர்களில் வார இறுதியில் தமிழாலயம் என்று தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். டார்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஹாம் என்ற ஊரில் 2002இல் குடமுழுக்கு நடந்த பெரிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. உங்களுக்குச் சாமி நம்பிக்கை எப்படியோ எனக்குத் தெரியாது, ஆனால் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில் "என்னம்மா, சாப்பிட்டீங்களா" என்று ஒருவர் கேட்பது பெரிய விஷயம். உங்கள் அம்மா திரும்பிய பிறகு அந்த இரண்டாவது பெயர் அங்கே கிடைக்கலாம், அல்லது கிட்டா வாசலில் இன்னொரு தாயிடம் கிடைக்கலாம். மனசு தாங்க முடியாமல் போனால் ஸ்டூடியரண்டன்வெர்க்கிலேயே மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை உண்டு. குழாயைத் திறந்துவிட்டு அழுகிற நிலை அங்கேயும் தொடர்ந்தால் தள்ளிப்போடாமல் போங்கள்.

வக்கீலிடம் இந்த வாரமே பேச வேண்டிய விஷயம் ஒன்று. பாப்பாவின் அப்பா வராவிட்டாலும், அவருக்குப் பார்க்கும் உரிமை உத்தரவில் இருக்கிறது. குழந்தையின் விசாவுக்கு அப்பாவின் எழுத்துப்பூர்வ சம்மதத்தைக் கேட்பார்கள். கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், அதே குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதியும் வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

கடைசியாக, பாப்பாவிடம் எப்போது சொல்வது என்று யோசிப்பீர்கள். டிக்கெட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்று இரவே, விளக்கை அணைக்கும் முன் சொல்லுங்கள். பெரிய விளக்கம் வேண்டாம். "அம்மா படிக்கறதுக்கு ஒரு ஊருக்குப் போகப் போறேன். உன்னையும் கூட்டிட்டுப் போகத்தான் எல்லா வேலையும் செய்யறேன். உனக்குச் சொல்லாம நான் எங்கேயும் போக மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அப்பாவைப் பற்றியும் ஒரு நாள் உண்மையைச் சொல்ல வேண்டும், அவருக்குத் தனி வீடு, நம்மோடு இருக்க மாட்டார் என்ற அளவில். அது இன்றைக்கே வேண்டாம்.

சொன்னதும் அவள் அழலாம், ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கொள்ளலாம், நூறு கேள்வியும் கேட்கலாம். முதலில் கேட்கிற கேள்வி எதுவென்று எனக்கு எழுதுங்கள்.