கோட்டுக்குத் தடிமன் எவ்வளவு?

(பதில் சொல்பவர்: தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வு பெற்ற சர்வேயர்)

கேள்வி: இஸ்ரேலும் பாலஸ்தீனமும் ஒரு நல்ல சர்வேயரை வைத்து, நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டால் என்ன சார்? – கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கோடு போட்டார்களே தம்பி! 1948 நவம்பர் கடைசியில், ஜெருசலேமில் ஆளில்லாத ஒரு வீட்டில், அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ராணுவங்களின் தளபதிகள், இஸ்ரேல் தரப்பில் மோஷே தயானும் ஜோர்டான் தரப்பில் அப்துல்லா அல்-தல்லும், 1:20,000 அளவு வரைபடத்தில் ஆளுக்கொரு கோடு இழுத்தார்கள். தயான் பச்சை, தல் சிவப்பு. மெழுகுப் பென்சில் வேறு. கோட்டின் தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கணக்குப் போடுங்கள், தரையில் அது 60 முதல் 80 மீட்டர். வீடுகளும் தெருக்களும் கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. அந்த வீட்டில் பாலஸ்தீனர் சார்பில் யாரும் உட்காரவில்லை. அதுவும் வெறும் போர்நிறுத்தக் கோடுதான்.

தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் அண்ணன் தம்பி தகராறுக்கு நான் அளக்கப் போனேன். 1:1000 படத்தில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் எல்லையை அழுத்தித் திருத்தியிருந்தார்கள். அரை மில்லிமீட்டர் மை, தரையில் ஒன்றரை அடிக்கு மேல். அந்த ஒன்றரை அடிக்குள்தான் அடிபம்பு! இரண்டு வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்று என் டேப்பையே பார்த்தார்கள். அளந்து கல் நட்டுவிட்டு வந்தேன். மறுநாள் கல்லைக் காணோம்.

இஸ்ரேலும் பாலஸ்தீனரும் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தத்திலும் இப்படித்தான், தகராறுக்குக் காரணமான அடிபம்பைக் கடைசிக்குத் தள்ளினார்கள். 1993 செப்டம்பர் 13-ல் வாஷிங்டனில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கினார்கள், சரி. ஆனால் ஜெருசலேம், அகதிகள், 1967 போரில் பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர் கட்டிய குடியேற்றங்கள், எல்லை எல்லாம் ஐந்து வருஷ இடைக்காலத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய பாக்கி. வழக்கு நடக்கும்போது செங்கல் வைக்காதே என்று நம் ஊர்க் கோர்ட்டில் தடை வாங்குவோம். அங்கே குடியேற்றத்தை நிறுத்து என்று தெளிவாக ஒரு வரி எழுதவில்லை. 1993-ல் மேற்குக் கரையில் லட்சத்துச் சொச்சம் இருந்த குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே 2000-ல் இரண்டு லட்சத்தை நெருங்கிவிட்டார்கள். அந்த ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் பாக்கியை எடுத்துப் பேசினார்கள், முறிந்தது.

கேள்வி: 1988-லேயே இந்தியா பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்துவிட்டது. அப்புறமும் அவர்கள் கையில் ஏன் ஆட்சி இல்லை? – ஒரு வாசகி, காசிமேடு

பதில்: இறையாண்மை என்பது பட்டா இல்லை அம்மா, பட்டா கொடுக்கிற அதிகாரம். 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. சி பகுதி மட்டும் சுமார் 60 சதவீதம். அங்கே பாதுகாப்பும் கட்டட அனுமதியும் இஸ்ரேலிடம். தாத்தா காலத்துப் பத்திரம் கையில் இருந்தாலும், மாடிக்கு ஒரு அறை எடுக்க இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்திடம் பிளான் அப்ரூவல் வாங்க வேண்டும்.

2012-ல் ஐ.நா. பார்வையாளர் நாடு என்ற தகுதியும் கொடுத்தது. ஆனாலும் மேற்குக் கரையின் ராமல்லா ஊர்க்காரர் ஜோர்டானுக்குப் போக எல்லையிலுள்ள ஆலன்பி பாலத்துக்கு வந்தால், அவர் காகிதத்தை வாங்கிப் பார்ப்பவர் இஸ்ரேல் அதிகாரிதான்.