ரெண்டு மார்க்ல நீங்க எந்தப் பக்கம்?

இந்தத் தடவ 'செவரன்ஸ்'ங்கிற இங்கிலீஷ் சீரியலோட ரெண்டாவது சீசன் பத்தி வந்த கேள்விங்க மட்டும்தான். கடைசி எபிசோட் வரைக்கும் எல்லாத்தையும் போட்டு ஒடைச்சிருக்கேன், இன்னும் பாக்காதவங்க பக்கத்த திருப்பிட்டுப் போயிடுங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதப் பத்தியே பேசுறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. ஸ்பாய்லர் பத்திலாம் கவல இல்ல சார், கதைய சுருக்கமா சொல்லுங்க.

பதில்: லூமன்னு ஒரு கம்பெனி. மூளைல ஒரு சிப்ப வெச்சு உங்க ஞாபகத்த ரெண்டா பிரிச்சிடுவாங்க. லிஃப்ட்ல எறங்கி ஆபீஸுக்குள்ள போனா வெளி வாழ்க்கை சுத்தமா மறந்துடும், வெளிய வந்தா உள்ள என்ன நடந்துச்சுன்னே தெரியாது. உள்ள இருக்குறவன் இன்னி, வெளிய இருக்குறவன் அவுட்டி. ஹீரோ மார்க், பொண்டாட்டி ஜெம்மா கார் ஆக்ஸிடென்ட்ல செத்துட்டாங்கன்னு நம்பி, அந்த துக்கத்துலேர்ந்து தினம் கொஞ்ச நேரமாச்சும் தப்பிக்கலாம்னு இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு, ஆனா ஜெம்மா சாகவே இல்ல, அதே பில்டிங்ல கீழ அடைச்சு வெச்சிருக்காங்க. இந்த சீரியல உருவாக்குன டான் எரிக்ஸன் ஒரு கதவு கம்பெனில பிடிக்காத ஆபீஸ் வேல பாத்துட்டிருந்தப்போ, இந்த எட்டு மணி நேரம் அப்டியே காணாமப் போயிடாதான்னு நெனச்சிருக்காரு, அதுலேர்ந்து வந்த ஐடியாதான் இது. நெனக்கிறது ஈஸிதான். அந்த எட்டு மணி நேரத்த யாராச்சும் ஒருத்தன் வாழ்ந்து தீக்கணுமே, அந்த ஒருத்தனோட கதைதான் மொத்த சீரியலும்.

கேள்வி: ஏழாவது எபிசோட்ல ஜெம்மாவுக்காக அப்டி அழுதேன். கடைசி எபிசோட்ல வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து வெளிய தள்ளிட்டு, அவங்க கதவத் தட்டிக் கதற, மார்க் கூட வேல பாக்குற ஹெல்லி கையப் பிடிச்சுட்டு ஓடுறான். இது துரோகம் இல்லயா? எனக்கு இன்னும் கோவம் தீரல.

பதில்: எனக்கும் அந்த நிமிஷம் டிவிய அடிச்சு ஒடைக்கலாம்னுதான் இருந்துச்சு. ஆனா கொஞ்சம் யோசிங்க, அங்க நின்னது ஜெம்மாவோட புருஷன் இல்ல. அவங்கள கல்யாணம் பண்ணது, குழந்த இல்லாமப் போனப்போ கூட உக்காந்து அழுதது எல்லாம் வெளிய இருக்குற மார்க். உள்ள இருக்குற மார்க்குக்கு அந்தப் பொம்பள மிஸ் கேசி, ஆபீஸ்ல கவுன்சிலிங் குடுக்க வந்தவங்க, அவ்ளோதான். அந்தக் கதவத் தாண்டி ஒரு அடி வெச்சா இவன் முடிஞ்சான், திரும்ப முழிப்போம்னு எந்த கேரண்டியும் கிடையாது. முன்னபின்ன தெரியாத ஒருத்தனோட பொண்டாட்டிய உயிரக் குடுத்து காப்பாத்துன்னு நம்மகிட்ட சொன்னா நாம என்ன பண்ணுவோம்? இவன் அவங்கள வெளிய கொண்டுவந்து விட்டதே பெரிய விஷயம்.

அதுக்கு முன்னாடி ரெண்டு மார்க்கும் ஒரு கேமரால மாத்தி மாத்தி வீடியோ எடுத்து பேசிக்கிறாங்களே, சீசன்லயே எனக்கு அதுதான் பெஸ்ட் சீன். வெளிய இருக்குறவன் மொதல்ல ரொம்ப பாசமா, உனக்கு நான் கஷ்டம் குடுத்துட்டேன், ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துடலாம்னுலாம் பேசுறான், பேசிட்டு ஹெல்லி பேர தப்பா 'ஹெலினி'ன்னு சொல்றான் பாருங்க, அங்க போச்சு எல்லாம். நீ உயிரா நெனக்கிற பொண்ணோட பேரக்கூட ஒழுங்கா தெரிஞ்சுக்காதவன் உன்னோட மிச்ச வாழ்க்கைய கேக்குறான். உள்ள இருக்குறவன் மூஞ்சி மாறுற எடத்துல மார்க்கா வர்ற ஆடம் ஸ்காட் ஒரு வசனமும் இல்லாம நடிச்சிருப்பாரு, ஒரே மூஞ்சிதான், ஆனா ரெண்டு ஆளு, எந்த ஆளுன்னு நமக்கு ஒரு செகண்ட்கூட டவுட் வராது. நான் உள்ள இருக்குற மார்க் பக்கம்தான். ஜெம்மாவுக்கு நடந்தது அநியாயம், ஆனா அதப் பண்ணது லூமன்.

கேள்வி: நாலாவது எபிசோட்ல ஹெல்லி ஹெல்லியே இல்லன்னு கூட வேல பாக்குற இர்விங் எப்டி கண்டுபிடிச்சாரு? நமக்கு க்ளூ குடுத்தாங்களா இல்ல திடீர்னு சுத்திவிட்டாங்களா?

பதில்: க்ளூ மொத எபிசோட்லயே இருக்கு. மொத சீசன் கடைசில இன்னிங்க கொஞ்ச நேரம் வெளி உலகத்துல முழிச்சாங்களே, அப்போ வெளிய என்ன பாத்தன்னு ஹெல்லிகிட்ட கேட்டதுக்கு ராத்திரில தோட்ட வேல பாக்குற ஒருத்தரப் பாத்தேன்னு ஒரு கத விடுறா, ராத்திரில எவன் தோட்ட வேல பாப்பான்னு இர்விங் அப்பவே முழிப்பாரு. அப்புறம் ஆபீஸ்லேர்ந்து கூட்டிட்டுப் போன பனிக்காட்டுல, நெருப்புக்கு முன்னாடி உக்காந்து அவரோட தனிமைய குத்திக்காட்டிப் பேசுவா, நெஜ ஹெல்லி கோவக்காரிதான், ஆனா அந்த மாதிரி கொடூரமா பேச மாட்டா. இர்விங் அவ தலைய தண்ணில அமுக்குற சீன் பாக்க முடியலன்னு நெறய பேர் சொன்னாங்க, ஆனா அவருக்கு வேற வழியே இல்ல. மேனேஜர் மில்சிக்க வாயத் தொறக்க வெச்சாதான் உண்ம வெளிய வரும். ஹெல்லியோட அவுட்டி, அதாவது முதலாளி பொண்ணு ஹெலினா, ஹெல்லி வேஷம் போட்டு வேலக்காரங்க கூட இருந்து, மார்க் கூட டென்ட்ல ராத்திரி வரைக்கும் போயிட்டா. அத ஹெல்லி அப்புறம் தெரிஞ்சுக்கிறதுதான் கொடும, அவ ஒடம்புதான், ஆனா அவ இல்ல.

ரெண்டாவது தடவ பாக்குறவங்க மொத மூணு எபிசோட்ல ஹெல்லியா வர்ற ப்ரிட் லோயர் நடந்து வர்றத மட்டும் பாருங்க. எம்மி அவார்ட் சும்மா குடுக்கல.

கேள்வி: எட்டாவது எபிசோட் தூங்கிட்டேன். மார்க்கோட பழைய மேனேஜர் கோபெல் ஒரு கார எடுத்துட்டு பாழடைஞ்ச ஊருக்குப் போறாங்க, வர்றாங்க. இது எதுக்கு?

பதில்: 37 நிமிஷம்தான்ப்பா, சீசன்லயே சின்ன எபிசோட். அதுக்கே தூங்கிட்டீங்களா! எனக்கு அது போர் அடிக்கல, ஆனா எடம் தப்பு, ஜெம்மா எபிசோட் நம்மள அடிச்சுப் போட்டுட்டு மூச்சு விடுறதுக்குள்ள இத வெச்சா யாருக்கும் பொறும இருக்காது. விஷயம் என்னன்னா செவரன்ஸ் சிப்ப டிசைன் பண்ணதே கோபெல்தான், பேர் மட்டும் லூமன் முதலாளிங்க ஈகன் குடும்பத்துக்குப் போயிடுச்சு. அதுவும் சின்ன வயசுலேர்ந்து லூமன் பேக்டரில வேல பாத்து, லூமனையே சாமியா கும்பிட்டு வளந்த பொண்ணு. முழுசா தூங்கிட்டீங்கன்னா கடைசி பத்து நிமிஷமாச்சும் திரும்ப பாருங்க.

கேள்வி: நெஜமா இப்டி ஞாபகத்த எடத்தோட சேத்துப் பூட்ட முடியுமா?

பதில்: முடியாது, அந்த அளவுக்கு சுத்தமா வெட்டுறதுலாம் கதைதான். ஆனா ஞாபகத்துக்கும் எடத்துக்கும் கொஞ்சம் தொடர்பு இருக்கு. காடன், பேட்லின்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் கடல்ல மூழ்குற டைவர்ஸ வெச்சு ஒரு சோதன பண்ணி 1975ல வெளியிட்டாங்க, தண்ணிக்கு அடில கேட்டு மனப்பாடம் பண்ண வார்த்தைங்க தண்ணிக்கு அடிலதான் அதிகம் ஞாபகம் வந்துச்சு, கரைல படிச்சது கரைல. ஞாபகம் வர்றது கூடக்கொறய ஆகும், அவ்ளோதான், ஆளே மாறிட மாட்டான். அதே மாதிரி 1953ல 2008ல சாகுற வரைக்கும் ஹெச்.எம்.னு மட்டும் மருத்துவ உலகத்துல கூப்பிட்ட ஒருத்தருக்கு வலிப்பு நோய்க்காக மூளைல ஆபரேஷன் பண்ணதுல, புதுசா நடக்குறது எதுவும் மனசுல தங்காமப் போயிடுச்சு. ஆனா பழகப் பழக கை மட்டும் வேலையக் கத்துக்குச்சு, போன தடவ செஞ்சதே அவருக்கு ஞாபகம் இல்லன்னாலும்! டான் எரிக்ஸன் இதப் படிச்சாரோ இல்லயோ, இன்னிங்களுக்கு அம்மா பேர் தெரியாது ஆனா கம்ப்யூட்டர்ல வேல பாக்கத் தெரியும்ங்கிறது அவ்ளோ ஒண்ணும் நம்ப முடியாத விஷயம் இல்ல.

கேள்வி: மில்சிக் வில்லனா இல்லயா?

பதில்: வில்லன்தான், ஆனா அவனையும் கசக்கிப் பிழியுறாங்க. பெரிய பெரிய வார்த்தயா பேசுறன்னு அவனோட வேல ரிப்போர்ட்ல கொற சொல்லிட்டாங்க, அவன் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரே வாக்கியத்த சுருக்கிச் சுருக்கி ஒத்திகை பாக்குறான். மேனேஜர்கிட்ட அந்த மாதிரி வாங்கிக் கட்டிக்கிட்டவங்க யாரும் அந்த சீன்ல சிரிச்சிருக்க மாட்டீங்க. மில்சிக்கா வர்ற ட்ரமெல் டில்மனுக்கு எம்மி கெடச்சதுல எனக்கு டபுள் சந்தோஷம்.

கேள்வி: லூமன் ஆபீஸுக்குள்ள வளக்குற அந்த ஆடுங்க எதுக்குன்னு ஒரு வழியா சொல்லிட்டாங்களா?

பதில்: சொன்னாங்க. ஜெம்மாவ வெச்சுப் பண்ற சோதன முடிஞ்சதும் செத்துடுவாங்கன்னு கணக்குப் போட்டு, அவங்க கூடவே பொதைக்கிறதுக்கு ஒரு ஆடு, ஆவிக்கு வழி காட்டுமாம். இத்தன வருஷம் ஆட்டுக்குட்டிங்கள வளத்து வளத்து குடுத்துட்டிருந்த லார்ன், இனிமே முடியாதுன்னு லூமன் பெரிய ஆளு ட்ரமண்ட் மேல பாஞ்ச எடத்துல நான் கை தட்டிட்டேன்.

கேள்வி: மூணாவது சீசன் எப்போ? இதுக்கும் மூணு வருஷமா?

பதில்: மொத சீசன் 2022 ஏப்ரல்ல முடிஞ்சது, ரெண்டாவது 2025 ஜனவரில வந்துச்சு, நடுவுல 2023ல ஹாலிவுட் ஸ்ட்ரைக் வேற. கடைசி எபிசோட் வந்த 2025 மார்ச் 21 அன்னிக்கே மூணாவது சீசன் உண்டுன்னு அறிவிச்சுட்டாங்க. எப்போ வந்தாலும் சரி, மொத எபிசோட் ஜெம்மாவோடதா இருக்கணும், மார்க்க நான் ஒரு மணி நேரம் பாக்காம இருந்துக்குறேன்.