பொங்கல் ஊர்வலம் பேப்பரில் வர…

கேள்வி: அக்கா, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பொங்கல் ஊர்வலம் பத்திரிகையில் வர என்ன செய்யலாம்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, ஹட்டன் நிருபர்களுக்குப் பத்து நாள் முன்பே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டும். எந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று இருந்தால் போதும். அப்புறம், பதில் சொல்ல ஒருவர் மட்டும். ஒரு வருஷம் எங்கள் தோட்டத்தில் மூன்று பேர் மூன்று நேரம் சொல்லிவிட்டார்கள். நிருபர் வந்தபோது தப்பு மேளச் சத்தம் ஓய்ந்து, பொங்கல் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

படத்தைக் காலையிலேயே எடுங்கள், பின்னேரம் மூட்டம் இறங்கிவிடும். பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் படம் வேண்டாம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் முன்வைத்தது மலையக மக்களின் 200 வருஷக் கதையை. உங்கள் ஊர்வலத்திலும் கொழுந்தெடுக்கும் அம்மாமார்தான் முன்னால் நிற்க வேண்டும், பெயரோடு.