டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகுதா? சில கேள்விகள், பதில்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, முன் டயர் ரெண்டும் உள்விளிம்பில் மொட்டை. வெளியே நின்று பார்த்தால் புதுசு மாதிரி இருக்கு. ஏன்?

ரெண்டும் ஒரே மாதிரி உள்ளே தேய்ந்தால் முதல் சந்தேகம் டோ மேல்தான், அதாவது சக்கரங்கள் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம். மேலிருந்து பார்த்தால் நம் பாதங்கள் மாதிரி, சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்தால் டோ அவுட், உள்விளிம்பு தேயும். உள்ளே கூடினால் டோ இன், வெளிவிளிம்பு தேயும். சின்னக் கோணம்தானே என்று விடாதீர்கள். ஒரு சக்கரம் போகிற திசையிலிருந்து 0.1 டிகிரி விலகி உருண்டாலே கிலோமீட்டருக்குச் சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டில் உரசும், திருநெல்வேலியிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் கால் கிலோமீட்டர் தூரம் டயரைத் தார் ரோட்டில் தேய்த்த கணக்கு. டயரைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழு, திருப்பித் தடவினால் ரம்பம் என்றால் டோதான்.

ஒரே ஒரு டயர் மட்டும் இப்படித் தேய்ந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கிறது; பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) வளைந்திருக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. எதுவானாலும் அலைன்மென்ட் மெஷினில், அதாவது சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்கிற மெஷினில், ஏற்றுவதற்கு முன் ஜாக்கி போட்டு டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர்) ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புஷ் போனது தெரியாமல் ரெண்டு மாதத்தில் மூன்று தடவை அலைன்மென்டுக்குக் காசு கொடுத்தவன் நான்.

வள்ளியூரிலிருந்து: நாகர்கோவில் போகும்போது வண்டி இடது பக்கமே இழுக்குது.

ஆனி, ஆடியிலா ஓட்டினீர்கள்? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அறைந்தால், பணகுடி, காவல்கிணறு பக்கம் தெற்கே போகிற எந்தக் காரும் இடப்பக்கம் ஒதுங்கத்தான் செய்யும். திரும்பி வரும்போது வலப்பக்கம் தள்ளினால் அது காற்றேதான், காற்றாலைக்கு லாபம், நமக்குக் கைவலி. தண்ணீர் வடிய ரோட்டின் ஓரமும் கொஞ்சம் சரிவாக இருக்கும். காற்றடிக்காத நாளில், சமமான ரோட்டிலும் இழுத்தால் நாலு டயரிலும் காற்று அளவைச் சரிபாருங்கள், அப்புறம் முன் டயர் ரெண்டையும் இடம் வலம் மாற்றி ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறவில்லையா, காஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சு முன்னே பின்னே சாய்ந்திருக்கும் கோணம்), கேம்பர் அளவைப் பார்க்க வேண்டும். பிரேக் மிதித்தால் மட்டும் இழுக்கிறது என்றால் அது பிரேக் வேலை.

பாளையங்கோட்டையிலிருந்து: 90இல் ஸ்டியரிங் நடுங்குது, அலைன்மென்ட் செய்யலாமா?

அலைன்மென்ட் இல்லை, பேலன்சிங் செய்யுங்கள், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது. ரிம் நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாங்குநேரியிலிருந்து: அலைன்மென்ட் முடிந்து வந்தேன், நேரே போகும்போது ஸ்டியரிங் கோணலா நிக்குது.

ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வைக்காமல் டை ராடைத் திருகியிருப்பார்கள். அதே கடைக்குப் போய்த் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், மறுபடி காசு கொடுக்காதீர்கள். திருகுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். தாள் தர மாட்டேன் என்றால், சரி, வேறு கடை பாருங்கள்.