அரைப்பேரும் முழுக்கணக்கும்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். வயது 21. இளைஞர் படையணியில் பயிற்சி முடித்து, இன்னும் எட்டுப் பேரோடு சேர்ந்து தொண்டு வேலை செய்கிறேன். எங்களைப் போன்ற இளம் தொண்டர்கள் தங்கள் ஊருக்கு ஒரு பணி செய்ய ஒரு லட்சம் ரூபாய் வரை சிறு நிதி தருவதாக அறிவித்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை) ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதை வாசிப்பு அறையாக்க விரும்புகிறோம். கோயிலுக்கு வளைவு கட்டுங்கள் என்கிறார் தோட்டத் தலைவர். பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்கிறார் கொழும்பில் வேலை செய்யும் என் அண்ணன். அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் ஏன் சும்மா செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்கிறாள் என் தோழி. அவளுக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு லட்சத்தில் என்னதான் ஆகும்? விண்ணப்பிக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

விண்ணப்பியுங்கள். வளைவு வேண்டாம். வாகனம் போகப் பாதையில்லாத தோட்டத்துக்கு வளைவு கட்டிய கதை எனக்கு இரண்டு தெரியும். அதைப் பற்றி இதற்குமேல் எழுதப் பொறுமை இல்லை. கொப்பியும் வேண்டாம். அது தைப்பொங்கலுக்கு வந்து சித்திரைக்குள் தீர்ந்துவிடும்.

வாசிப்பு அறையைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நான் ஒன்றைத் திறந்து மூடியவன். 1986 இல் எனக்கு உங்கள் வயது. எங்கள் இளைஞர் கழகத்துக்கும் இப்படி ஒரு சிறு தொகை வந்தது, ஏழாயிரம் ரூபாய். நான்தான் பொருளாளர். தச்சரிடம் சொல்லி ஓர் அலுமாரி செய்தோம். அட்டனுக்குப் போய்ப் புத்தகம் வாங்கி, இரண்டு பஸ் மாறிச் சுமந்து வந்தோம். தோட்டத்தை நிர்வகித்த துரை வாயால் அனுமதி தந்தார். திறப்பு விழாவில் அவருக்கு மாலை போட்டோம். எட்டு மாதத்தில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்த துரை அந்த அறையில் உரமூட்டை அடுக்கச் சொன்னார். அலுமாரி என் வீட்டு இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, வந்து சேர்ந்தது. மிச்சத்தைக் கறையான் வாசித்தது.

அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது வேறு. அந்த வருடத் தீபாவளிக்கு நான் ஒரு கைக்கடிகாரம் கட்டினேன். அக்கா கொழுந்தெடுத்துச் சேர்த்த காசில் வாங்கித் தந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அதற்கு ‘வாசிகசாலைக் கடிகாரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு சதம் நான் தொட்டதில்லை. ஆனால் தச்சரிடம் பற்றுச்சீட்டு வாங்கவில்லை. நிதி தந்த இடத்துக்குக் கணக்கு எழுதி அனுப்பினேன். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை. மறைக்க நினைத்து அல்ல, காட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. பணம் மேலேயிருந்து வந்தது, கணக்கும் மேலே போனது. இப்போது யோசித்தால், பீலிக்கரை பேசியதில் எனக்குக் கோபமே வரவில்லை.

நம் ஆட்களுக்குக் கணக்கு என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அது ‘துண்டு’. இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று எழுதிய காகிதம். அந்தத் துண்டு கைமாறினால் ஆட்களும் தோட்டம் மாறினார்கள். 1921 இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது. துண்டு போனாலும் வேலைநாள் பதியும் செக்ரோல் இருந்தது. கொழுந்து நிறுக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்; குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதிக் கூலி. நாள் முழுக்க மழையில் நின்றவளுக்குப் பாதிப் பெயர்தான் என்று தீர்மானிக்கிற புத்தகம் அவள் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. கோயில் திருவிழாச் சந்தாவும் சம்பளச் சீட்டில் ஒரு கழிவாகத்தான் தெரியும். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கணக்குகளோடுதான் தலைமுறைகள் போயின. நாம் எழுதி, நம் சனத்தின் முன்னால் நின்று வாசித்த கணக்கு எத்தனை?

ஒரு லட்சத்தில் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். கூரைக்கு நாலு தகரம், சுண்ணாம்பு, இரண்டு மேசை, கொஞ்சம் புத்தகம். அவ்வளவுதான். பெரிய தொகையென்றால் கொந்தராத்துக்காரர் வருவார், அரசியல்வாதி வருவார், கல்வெட்டு வரும். ஒரு லட்சத்தை நீங்கள் ஒன்பது பேர் ஒரு கொப்பியில் எழுதி முடிக்கலாம், லயத்தார் ஒரே மாலையில் கேட்டு முடிக்கலாம். உங்கள் வயதில் ஒருவர் அதைச் செய்து காட்டுவதற்காகவே அந்தப் பணத்தை வாங்கலாம் என்பது என் கட்சி.

அந்தக் கொப்பியில் பணம் மட்டும் இருக்கக் கூடாது. 1962 இலிருந்து இலங்கைக்கும் வந்துபோன அமெரிக்க பீஸ் கோர் தொண்டர்களை வயதானவர்களுக்கு நினைவிருக்கலாம். (தமிழில் அமைதிப்படை என்று எழுதினால் 1987 இல் வந்த இந்தியப் படையினரோடு குழம்பிவிடும்.) அந்த அமைப்பின் சிறு நிதிகளில் ஒரு விதி உண்டு: மொத்தச் செலவில் குறைந்தது 25 வீதம் ஊர் தர வேண்டும், காசாகத் தர வேண்டியதில்லை, உழைப்பாகவும் பொருளாகவும் தரலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 1969 முதல் நடக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவரின் உழைப்பு ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று எண்ணப்படுகிறது. மணிக்கணக்கு அவர்களுக்குச் சரி. நமக்கு அதைவிட நல்ல அளவை இருக்கிறது: பேர்.

ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்துக்கு வந்து கல் சுமந்தவருக்கு ஒரு பேர் போடுங்கள். தேநீர் ஊற்றிய ஆச்சிக்கும் போடுங்கள். யாருக்கும் அரைப்பேர் போடாதீர்கள், பதினொரு மணிக்கு வந்தாலும். 2024 இல் நாட்கூலியின் அடிப்படை 1350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கிலேயே நாற்பது பேர் என்றால் 54,000 ரூபாய். விண்ணப்பத்தில் ‘ஊரின் பங்களிப்பு’ என்ற இடத்தில் ‘பொதுமக்கள் ஒத்துழைப்பு’ என்று எழுதிவிட்டுப் போகாமல் அந்தத் தொகையை எழுதுங்கள். நிதி தருகிறவர்கள் ஒரு லட்சம் தருகிறார்கள், லயம் அரை லட்சத்துக்கு மேல் தருகிறது. அதைக் கேட்ட பிறகு தலைவர் வளைவைப் பற்றிப் பேசினால் எனக்கு அறிவியுங்கள்.

இனிச் சில்லறை விடயங்கள். அறை உங்களுடையது அல்ல. நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். ஆகவே அனுமதி கடிதத் தாளில், முத்திரையோடு, எத்தனை வருடத்துக்கு என்ற வரியோடு வேண்டும். நல்ல துரையாக இருந்தால் இன்னும் அவசரமாக வாங்குங்கள், நல்லவர்கள் சீக்கிரம் மாற்றலாவார்கள். நிதியின் கடைசித் தவணை, அறிக்கை அனுப்பிய பிறகுதான் வருமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். அப்படியென்றால் இடைப்பட்ட பணத்துக்கு யாரும் நகை அடகு வைக்க வேண்டாம், பணியைச் சுருக்குங்கள். பஸ் காசை வெட்கப்படாமல் செலவில் சேருங்கள். அறையின் திறப்பு (சாவி) ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது; எங்கள் திறப்பு என்னிடம் மட்டுமே இருந்தது, நான் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தபோது வாசிகசாலையும் கிடந்தது.

உங்கள் தோழி கேட்டது நியாயமான கேள்வி. இதை அரசாங்கம்தான் செய்திருக்க வேண்டும். செய்யாததற்குச் சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைச் சொல்லி, தோட்டத்துக்குள் பொதுப்பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சபைகள் கைவிரித்தன. நாம் வாக்களித்துத் தெரிந்தெடுத்த சபைக்கு நம் லயத்துப் பாதையில் ஒரு கல் போட வழியில்லை. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. இப்போது அந்தச் சாக்கு இல்லை. ஆனால் சாக்கு போனவுடன் வேலை நடந்துவிடும் என்று மலையகத்தில் எவரும் நம்புவதில்லை. எனவே தோழியிடம் சொல்லுங்கள்: சும்மா செய்து கொடுக்கவில்லை, கணக்கு வைத்துச் செய்கிறோம். அறை திறந்தபின் அந்தக் கணக்கின் பிரதியோடு பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இவ்வளவு பணம், இத்தனை பேர் உழைப்பு, இனி மின்சாரக் கட்டணமும் பத்திரிகையும் உங்கள் பொறுப்பு என்று. ஒரு முறை மறுப்பார்கள். மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை எழுதும் வேலையை அவளுக்கே கொடுக்கலாம், அவளுக்குக் கோபம் சரியாக வருகிறது.

கணக்கு வாசிக்கும் நாளைப் பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிறாக வையுங்கள். கோயில் வாசலில் வைத்தால் கிறிஸ்தவக் குடும்பங்கள் தள்ளி நிற்கக்கூடும், பெரட்டுக்களம்தான் பொது. எந்த இடத்தில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினார்களோ அங்கேயே அந்தப் பெயர்களை நீங்கள் ஒவ்வொன்றாக வாசியுங்கள். பற்றுச்சீட்டுகளை ஒரு அட்டையில் ஒட்டித் தொங்கவிடுங்கள், தச்சருடையதையும்.

திகதியை எழுதுங்கள், வருகிறேன். மாலை வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். கடிகாரம் கட்டாமல் வருவேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்