பிளட்டர் லிஸ்டில் ஒரு வரியை நீக்கினால் டிக் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது, ஏன்?

கேட்டவர், ஆப் எழுத உதவும் கூகுளின் கருவித்தொகுப்பான பிளட்டரில் ஒரு மளிகை லிஸ்ட் ஆப் எழுதுகிறார். வரியை நீக்கியதும் அதிலிருந்த டிக் அடுத்த பொருளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிஸ்மிசிபிள் என்ற விட்ஜெட் (திரையில் தெரியும் ஒவ்வொரு பாகமும் ஒரு விட்ஜெட்) போட்டு, விரலால் தள்ளி நீக்கப் பார்த்தால் பிழை காட்டும் சிவப்புத் திரை வருகிறது. பிடித்து இழுத்து வரிசை மாற்றும் வசதியும் வேண்டும் என்கிறார். மூன்றும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: வரி இருக்கும் இடம் வேறு, அதில் இருக்கும் பொருள் வேறு.

அரிசி, துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய் என்று நான்கு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். துவரம்பருப்புக்கு டிக் போட்டாயிற்று. அந்த டிக் எங்கே இருக்கிறது? வரிக்கென்று ஒரு ஸ்டேட்ஃபுல் விட்ஜெட் (தன் நிலையைத் தானே நினைவில் வைத்திருப்பது) எழுதி, அதன் ஸ்டேட்டுக்குள், அதாவது அந்த நினைவுக்குள், ஒரு பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு) வைத்திருப்பீர்கள். இப்போது துவரம்பருப்பை நீக்குகிறீர்கள். டேட்டாவில் புளி இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. பிளட்டர் இரண்டாம் இடத்தைப் பார்க்கிறது. பழைய விட்ஜெட்டும் புதிய விட்ஜெட்டும் ஒரே டைப், இரண்டுக்கும் கீ (விட்ஜெட்டை அடையாளம் காட்டும் குறி) கிடையாது. சரி, இது அதே வரிதான் என்று எடுத்துக்கொண்டு பழைய ஸ்டேட்டை அப்படியே வைத்துக்கொள்கிறது, பெயர் மட்டும் புளி என்று மாறுகிறது. யாரும் தொடாத புளிக்கு டிக் விழுவது இப்படித்தான்.

இதற்குக் கீ போடுங்கள் என்று சொல்லி நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். தேவைப்படும் வரிகளை மட்டும் உருவாக்கிக் காட்டும் லிஸ்ட்வியூ டாட் பில்டரில் அது பாதி வைத்தியம்தான். பொருளின் ஐடியை வைத்து வேல்யூகீ கொடுத்தால், இரண்டாம் இடத்தில் கீ மாறியிருப்பது பிளட்டருக்குத் தெரியும். பழைய ஸ்டேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். புளிக்குத் தப்பான டிக் வராது. ஆனால் நல்லெண்ணெய்க்கு நீங்கள் நிஜமாகவே போட்டிருந்த டிக்கும் சேர்ந்து போய்விடும். அது நான்காம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தபோது அதன் ஸ்டேட் கூட வரவில்லை. ஒரு கீ இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபைண்ட் சைல்ட் இண்டெக்ஸ் கால்பேக் என்ற ஒன்றையும் எழுதிக் கொடுத்தால் கூட வரும். அப்படியும் முழுக்கத் தப்ப முடியாது. பில்டர் திரையில் தெரியும் வரிகளையும், அதற்கு மேலும் கீழும் வழக்கமாக 250 பிக்சல் அளவுக்கு வருபவற்றையும்தான் உயிரோடு வைத்திருக்கும். பயனர் கீழே ஸ்க்ரோல் செய்துவிட்டுத் திரும்பி வந்தால் டிக் காணாமல் போயிருக்கும்.

அதனால் டிக்கை வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பொருள் என்று ஒரு கிளாஸ், அதில் ஐடி, பெயர், வாங்கியாயிற்றா என்ற பூலியன். வரி, நினைவு எதுவும் வைக்காத ஸ்டேட்லெஸ் விட்ஜெட்டாக இருந்து, கொடுத்ததைக் காட்டினால் போதும். தட்டினால் மேலே இருக்கும் டேட்டாவில் அந்த ஐடியைத் தேடி மாற்றுங்கள். மாற்றத்தைத் திரைக்குத் தெரிவிக்கும் முறை செட்ஸ்டேட்டா, புரொவைடரா, ரிவர்பாடா என்பது உங்கள் விருப்பம், இந்த விஷயத்துக்கு அது முக்கியமில்லை. ஐடியைப் பொருள் சேர்க்கும்போதே போனில் உருவாக்கிவிடுங்கள். பெயரையே ஐடியாக வைக்காதீர்கள், வீட்டு லிஸ்டில் எண்ணெய் என்று இரண்டு வரி இருப்பது சாதாரணம்.

அடுத்தது சிவப்புத் திரை. டிஸ்மிசிபிளுக்குக் கீ கட்டாயம் என்பதால், கைக்கு வந்த இண்டெக்ஸையே (0இலிருந்து எண்ணும் வரி எண்) கீயாகக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இண்டெக்ஸ் 1 தள்ளப்பட்டது, அடுத்த பில்டில் (திரையைத் திரும்ப உருவாக்கும்போது) புளி அதே இண்டெக்ஸ் 1 கீயோடு வந்து நிற்கிறது. தள்ளி அனுப்பிய விட்ஜெட் இன்னும் ட்ரீயில் (விட்ஜெட்களின் அடுக்கில்) இருக்கிறதே என்று பிளட்டர் பிழை காட்டுகிறது. ஐடி கீ போட்டால் இது போய்விடும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: தள்ளி முடிந்ததும் ஓடும் ஆன்டிஸ்மிஸ்டு உள்ளேயே, அந்த நொடியிலேயே, லிஸ்டிலிருந்து பொருளை எடுத்துவிட வேண்டும். முதலில் சர்வருக்கு அழைப்பு, பதில் வந்த பிறகு நீக்கலாம் என்று அவெய்ட் போட்டுக் காத்திருந்தால் அதே சிவப்புத் திரைதான். சிலர் பில்டுக்குள், ஒவ்வொரு முறையும் புதிதாக மாறும் யூனிக்கீ போட்டு இதை அடக்கப் பார்க்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒவ்வொரு பில்டிலும் எல்லா வரியும் புதிதாகப் பிறக்கும், அனிமேஷன் பாதியில் அறுந்துபோகும்.

நீக்கும் முன் "நிச்சயமா?" என்று கேட்கும் பெட்டி எனக்குப் பிடிக்காது. பத்துப் பொருளை நீக்குபவர் பத்து முறை பதில் சொல்ல வேண்டும், மூன்றாவது முறையிலிருந்து படிக்காமலேயே தட்டுவார். அதற்குப் பதில், திரையின் அடியில் வரும் செய்திப் பட்டையான ஸ்நாக்பாரில் "திரும்பச் சேர்" என்று ஒரு பட்டன் கொடுங்கள். பழைய பிளட்டரில் அது இயல்பாக 4 நொடிதான் நிற்கும், புதிய பதிப்புகளில் பட்டன் உள்ள ஸ்நாக்பார் மூடும்வரை நிற்கும். நேரம் வைத்து மறையச் செய்தால், வயதானவர்கள் பயன்படுத்தும் ஆப்பில் அந்த நேரத்தைக் கூட்டுங்கள். நீக்கிய பொருளையும் அது இருந்த இடத்தையும் பிடித்து வைத்திருந்து, தட்டினால் அதே இடத்தில் செருக வேண்டும். இடையில் இன்னொரு வரியும் போயிருந்தால் அந்த இடம் லிஸ்ட்டின் நீளத்தைத் தாண்டிவிடலாம், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் உடனே அழிக்காமல் நீக்கப்பட்டது என்று மட்டும் குறித்து வைப்பது என் வழக்கம். நடுவில் ஆப் மூடப்பட்டாலும் ஒன்றும் கெடாது.

வரிசை மாற்றுவதற்கு ரீஆர்டரபிள் லிஸ்ட்வியூ இருக்கிறது. அதில் ஒரே ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அரிசியை இழுத்துப் புளிக்குக் கீழே விட்டால் விட்டதும் ஓடும் ஆன்ரீஆர்டருக்கு வருவது பழைய இடம் 0, புதிய இடம் 3. அரிசியை எடுக்கும் முன் எண்ணிய எண் அது. எடுத்த பிறகு மற்றதெல்லாம் ஒரு படி மேலே வந்துவிடும், ஆக நீங்கள் செருக வேண்டியது 2இல். பழைய இடம் புதியதைவிடச் சிறியதாக இருந்தால் புதியதில் ஒன்றைக் கழியுங்கள். மேல்நோக்கி இழுக்கும்போது கழிக்கக் கூடாது. வரிசையைச் சேமிக்க 1000, 2000, 3000 என்று இடைவெளி விட்டு எண் கொடுத்தால், இரண்டுக்கும் நடுவில் வந்த வரிக்கு 1500 என்று மாற்றினால் முடிந்தது, மற்ற வரிகளைத் தொட வேண்டியதில்லை.

விரல் அசைவுகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் ஜெஸ்சர் நேவிகேஷன் வைத்திருப்பவர் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தாலும் அது பின்செல்லும் கட்டளை. ஓரத்திலிருந்து வரியைத் தள்ளுபவர் பக்கத்தைவிட்டே வெளியேறிவிடுவார். நீண்ட அழுத்தத்தைத் தேர்வுக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால், இழுப்பதற்கு வரியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி ஐகான் வைத்து அதை ரீஆர்டரபிள் டிராக் ஸ்டார்ட் லிசனருக்குள் போடுங்கள். தொடும் இடம் எதுவானாலும் 48 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவு) என்பதற்குக் குறைய வேண்டாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தள்ளுவது ஒன்றையே நீக்கும் வழியாக வைக்காமல் இருப்பது. தள்ளலாம் என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது, கை நடுங்குபவருக்கும் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக் வைத்துக் கேட்டுப் பயன்படுத்துபவருக்கும் அது பெரும்பாடு. 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல்தன்மை வழிகாட்டி, இழுத்துச் செய்யும் எதற்கும் இழுக்காமல் செய்யும் வழியும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ரீஆர்டரபிள் லிஸ்ட்வியூ திரைவாசிப்பானுக்கு மேலே நகர்த்து, கீழே நகர்த்து என்ற கட்டளைகளைத் தானே தந்துவிடும். டிஸ்மிசிபிள் அப்படித் தராது. வரியில் மூன்று புள்ளி மெனு ஒன்று வைத்து அதற்குள் நீக்கு என்று போடுங்கள், திரைவாசிப்பானுக்குத் தகவல் தரும் செமான்டிக்ஸில் கஸ்டம் ஆக்‌ஷனாகவும் சேருங்கள். அப்புறம் போனில் டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு புளியை நீக்கிப் பாருங்கள்.