வாகனம், கேள்வி – பதில்: ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதற்கு முன்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் 2018-இல் வாங்கியது. இரண்டு மாதங்களாக 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது. லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 13-ஐத் தாண்டுவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்துப் பார்த்ததில் பி0135 என்ற பிழைக்குறியீடு வந்தது. ஆக்சிஜன் சென்சார் பழுதாகிவிட்டது, மாற்ற 7,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் நானே சோதித்துப் பார்க்க முடியுமா? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: முடியும், அவசியம் சோதியுங்கள். பி0135 என்பது சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லும் குறியீடு அல்ல. புகைக்குழாயில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்கியூட்டில் கோளாறு என்பதே அதன் பொருள். அந்த சர்க்கியூட்டில் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் மட்டுமின்றி ஃபியூஸ், வயர், கனெக்டர் ஆகியவையும் அடங்கும். எலி கடித்த வயருக்காகப் புதுச் சென்சார் வாங்கிவிட்டு, விளக்கு அணையாமல் திரும்பி வருபவர்கள் உண்டு.

சென்சாரின் முனையில் இருக்கும் சிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கத்தில் புகையும் மறுபக்கத்தில் வெளிக்காற்றும் படுகின்றன. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டுக்கு ஏற்ப அது சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆனால், ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் அது வேலை செய்யும். அந்தச் சூட்டை விரைவில் எட்ட வைப்பதற்காகவே ஹீட்டர் உள்ளது. அது இயங்காவிட்டால் இன்ஜின் கணினி சென்சாரை நம்ப முடியாமல், முன்கூட்டியே பதிந்து வைத்த கணக்குப்படி பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். குறுகிய தூரப் பயணங்களில் மைலேஜ் குறைய இதுவே போதுமான காரணம்.

முதலில், இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு கனெக்டரைக் கழற்றுங்கள். நான்கு வயர் சென்சார்கள் பலவற்றில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்கள் (பெரும்பாலும் வெள்ளை) ஹீட்டருக்கு உரியவை. கறுப்பு சிக்னல், சாம்பல் நிறம் அதன் எர்த். நிறங்கள் மாறுபடலாம் என்பதால் உங்கள் வண்டியின் வயரிங் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, சென்சார் பக்கத்துக் கனெக்டரில் அந்த இரண்டு வெள்ளை வயர்களை மட்டும் அளந்து பாருங்கள். சில ஓம்கள் முதல் பதினைந்து ஓம் வரை காட்டினால் பெரும்பாலும் ஹீட்டர் நலமாக இருக்கிறது. திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. ஹீட்டரைத் தனியாக மாற்ற இயலாது என்பதால் அப்போது சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஓம் நிலையில் சிக்னல் வயரைத் தொடவே கூடாது. மீட்டர் செலுத்தும் மின்சாரம் நல்ல சென்சாரையும் கெடுத்துவிடக்கூடும்.

ஹீட்டர் சரியாக இருந்தால், வண்டிப் பக்கத்துக் கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் இன்ஜின் ஓடும்போது மட்டுமே அது வரும். வராவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறியதும் சைலன்சரை ஒட்டிச் செல்லும் வயரைக் கையால் தடவிப் பாருங்கள். உருகிய இடமோ பல் பட்ட இடமோ அகப்படும்.

சிக்னலைச் சோதிக்க வேண்டுமானால் கனெக்டரை மீண்டும் பொருத்தி, வயரைக் குத்திக் கிழிக்காமல், கனெக்டரின் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி, 2 வோல்ட் டி.சி. நிலையில் அளக்க வேண்டும். முள் ஆடும் பழைய மீட்டர் இதற்கு உதவாது. இன்ஜினை நன்கு சூடாக்கி நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளில் வைத்தால் எண்கள் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். 0.45-க்கு மேல் என்றால் கலவையில் பெட்ரோல் கூடுதல், கீழே என்றால் காற்று கூடுதல். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-ஐத் தாண்டுவதும், விட்டவுடன் பூஜ்யத்தை நெருங்குவதும் உயிருள்ள சென்சாரின் அடையாளம். எண் தாழ்ந்தே கிடந்தால் உடனே சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து இதே அளவைக் காட்டும். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும்.

இந்தச் சோதனையை மூடிய ஷெட்டுக்குள் செய்யவே வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது உயிரைப் பறிக்கும். துண்டின் நுனியும் சட்டைக் கையும் ரேடியேட்டர் ஃபேனுக்கு அருகில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரின் சென்சாரில் ஐந்து வயர்கள் உள்ளன. இதே முறை பொருந்துமா? – வாசகி, ஈரோடு.

பதில்: ஹீட்டர் சோதனை பொருந்தும், சிக்னல் சோதனை பொருந்தாது. அது கலவையின் அளவையே நேரடியாகத் தெரிவிக்கும் அகலப்பட்டைச் சென்சார், மல்டிமீட்டரில் 0.1 – 0.9 ஆட்டத்தை அதில் தேடினால் நல்ல சென்சாரையும் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (பிழைக்குறியீடுகளைப் படிக்க ஸ்கேனரை இணைக்கும் இடம்) ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, கைபேசியில் லாம்டா மதிப்பை, அதாவது காற்று – பெட்ரோல் கலவையின் அளவைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். சூடான இன்ஜின் சீராக ஓடும்போது அது 1-ஐ ஒட்டியே நிற்க வேண்டும்.